மேற்கோள் குறிக்குள் உன் அரை வாக்கியம்

மாப்ள,

செராக்ஸ் கடைச் சூடு ஆறாத, மை வாசனை போகாத தாள்களைத் தங்கச்சி மகள் என் மடியில் வைத்தாள். நம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகளைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேடு. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் அவளுடைய பேராசிரியருக்கே வழிகாட்டக்கூடியவன் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். உன்னைத்தான் முதலில் தேடினேன். இருந்தாய், ஒன்றரை வரியாக.

"இம்புட்டுத்தானா? அன்னைக்குப் பொழுதுக்கும் பேசுனானே."

"பேசுனது நீங்க மாமா. அவுக வாயில வந்தது மட்டுந்தான் மேற்கோள் குறிக்குள்ள வரும். நெறையப் பேசியிருந்தா உள்ள தள்ளித் தனிப் பத்தியாவே போட்டிருப்பேன். எங்க, நீங்க விட்டாத்தான?"

போனில் பதிந்ததைப் போட்டாள். அனுமந்தன்பட்டியில் உன் பந்தலுக்கடியில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்த சாயங்காலம். மழையில் பழம் வெடித்ததை நீ சொல்ல வருகிறாய். முல்லைப் பெரியாறே என் தோட்டத்துக்குள் புகுந்ததாக நான் முடிக்கிறேன். "மாப்ள, நானும் கொஞ்சம் பேசிக்கிறேன்யா" என்று சிரிக்கிறாய். பிறகு உன் குரல் தணிகிறது.

"திராட்சக் கொடிய வேரோட வெட்டுன அன்னைக்கு, வீட்டுக்குப் போகாம நான்..."

"எந் தோட்டத்துக் கொடிய ஒத்த ஆளா நாந்தாம்மா வெட்டுனேன், அருவாளே மழுங்கிருச்சு" என்று என் குரல் ஏறி விழுகிறது. நீ அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

"வீட்டுக்குப் போகாம எங்க போனாக மாமா? அதுதான் எனக்கு முக்கியம். உறுதியாத் தெரிஞ்சாச் சொல்லுங்க, நான் சேத்ததுன்னு தெரியுற மாதிரி சதுர அடைப்புக்குள்ள போட்டுக்கிறேன். நாளைக்கு ஒப்படைக்கணும்."

எனக்கா கதை வராது? ஆற்றங்கரை, சுருளி மலை, கம்பம் பஸ் ஸ்டாண்டு என்று வாயில் வந்து நின்றன. எல்லாம் நீ சொல்லியிருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருந்தன. ஆனால் எதைச் சொன்னாலும் உன் பேச்சாக அச்சேறும். மறுத்துச் சொல்ல நீ இல்லை.

"தெரியாதுத்தா" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. "அப்ப மூணு புள்ளி வைக்கவா?"

"வச்சா என்ன அர்த்தம்?"

"நான் எதையோ விட்டுட்டேன்னு."

"நீ எங்கத்தா விட்ட? மாமா குறுக்க பேசுனாருன்னு அடைப்புக்குள்ள போடு."

போட்டுவிட்டாள்.

வயலுக்குப் போனாலும் பஸ் ஏறினாலும் அந்த அரை வாக்கியம் என்னோடுதான் வருகிறது. நீ போன இடத்துக்கு ஆயிரம் பெயர் சொல்வேன் மாப்ள. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். நீ கொடியை வெட்டிய அன்றைக்கு நான் என் வீட்டில்தான் இருந்தேன். நீ என்னிடம் வரவில்லை.