மேசையில் ஒரே ஒரு டப்பா

லூயிஸ்டவுன், மொன்டானா
4 செப்டம்பர் 1988

அன்புள்ள மெர்ல்,

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். ஆரின் போன பிப்ரவரியில் என்னைத் தனிமரமாக விட்டுவிட்டுப் போய்விட்டார். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. உங்களுக்குச் செய்தி வந்திருக்கும், ஆனால் அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. அன்றைக்கு சர்ச்சில் பதினாலு வீட்டிலிருந்து உருளைக்கிழங்குப் பதார்த்தம் வந்தது. தின்ன ஆள் இல்லை. இந்தக் குறையை ஒரே தடவைதான் சொல்வேன்.

விஷயம் வேறு. ஆரினுக்கு இருபது வருடமாக விழாத எல்க் மான் வேட்டைச் சீட்டு, குலுக்கலில் எனக்கு முதல் தடவையே விழுந்துவிட்டது. அவருடைய துப்பாக்கியோடு நானே போகப்போகிறேன். வலது கண் போனபின் இடது தோளுக்கு ஏற்ற மாதிரி அதன் கட்டையைச் செதுக்கிவைத்திருந்தார். எனக்கும் இடக்கைதான், பொருந்துகிறது. ஆனால் தோட்டா ஒன்றுகூட மிச்சம் இல்லை, கடையிலும் கிடைக்காது. நீங்கள் இரண்டு பேரும் உலகத்தில் யாரும் வைத்துக்கொள்ளாத ஒரு அளவில் குழல் துளைத்து வாங்கினீர்களே, அதன் பலன்.

ஆகவே தோட்டாவை நானே தயாரிக்க வேண்டும். ஆரின் தோட்டா செய்த மேசை அப்படியே இருக்கிறது. பாதிச் சாமான்களுக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. எங்கே தொடங்குவது? உங்களை விட்டால் கேட்க ஆள் இல்லை.

காட்டுத்தீப் புகைக்கு நடுவிலிருந்து,
அர்டிஸ்


சால்மன், ஐடஹோ
11 செப்டம்பர்

அன்புள்ள அர்டிஸ்,

ஆரினைப் பற்றி எழுத வரவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது புத்தகம். எந்தக் குண்டுக்கு எந்த வெடிமருந்து எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் அளவு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. குழல் துளைத்த கிழவர் தந்த அட்டவணை ஆரினின் நோட்டில் ஒட்டியிருக்கும், ஆனாலும் முதலில் புத்தகத்தை இரண்டு தடவை படியுங்கள். அட்டவணையில் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது கண்ணாடி. கண்ணுக்குப் போடும் தடித்த கண்ணாடி. இது இல்லாமல் மேசைப் பக்கமே போகாதீர்கள்.

கைப்பிடி வைத்த கனமான இரும்பு பிரஸ். அதில் திருகுகிற அச்சுகள் சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவரும். எண்ணெய் தடவாமல் அழுத்தினால் கூடு சிக்கிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரு தடவை சிக்கும், அழவேண்டாம். கூட்டின் நீளம் பார்க்க வெர்னியர் அளவுகோல். கூடுகளை நிறுத்திவைக்க ஐம்பது குழி போட்ட மரக்கட்டை. பிறகு தராசு. தராசுதான் ராஜா, காற்று படாமல் வையுங்கள்.

இனி சொல்வதை மேசைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. இரண்டாவது டப்பா அந்த அறையில் வெளியே இருக்கக்கூடாது. அளந்து கொட்டும் புனலில் மிஞ்சியதை அன்றே, அதே டப்பாவில், பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கொட்டுங்கள். ரேடியோ, விருந்தாளி, புகை கூடாது. ஆரின் திறந்துவைத்த பழைய டப்பா எதையும் தொடாதீர்கள். ரோஜாச் செடிக்குத் தூவுங்கள், செடிக்கு நல்லது. புதிது வாங்குங்கள்.

அடுத்தவர் செய்த தோட்டாவைச் சுடாதீர்கள். நீங்கள் செய்ததை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். இது பைபிள் மாதிரி.

மெர்ல் டாக்கெட்


லூயிஸ்டவுன்
25 செப்டம்பர்

அன்புள்ள மெர்ல்,

கூடு சிக்கியது. அழவில்லை, திட்டினேன்.

முப்பது வருடம் அந்த மேசை இருந்த வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆண்பிள்ளைகள் பொழுதுபோக்கு என்று அதைத் தாண்டித் தாண்டித் துணி உலர்த்தப் போனேன். நேற்றுத்தான் உட்கார்ந்தேன். மருந்தைத் தட்டில் கொட்டி, கடைசியாக இடுக்கியால் ஒரே ஒரு துணுக்கைப் போட்டேன். அரிசியில் கால்வாசிகூட இல்லை. தராசு முள் அசைந்தது, மெர்ல். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். இருபது கூட்டையும் கட்டையில் நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். சர்ச்சில்கூட நான் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஆரின் அங்கே ஏன் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்வார் என்று இப்போது புரிகிறது.

ஒன்று கேட்கவேண்டும். பழைய டப்பாக்களை ரோஜாவுக்குத் தூவினேன். ஒன்றை மட்டும் தூவவில்லை. அலமாரியின் அடியில், மூடி முழுக்க ஒட்டுநாடா சுற்றியிருந்தது. மேலே ஆரின் எழுத்து: "சுடாதே. கொட்டாதே." அக்டோபர் 1977 என்று தேதி. அவர் கண் போன மாதம். அன்று சுட்டது வேறொரு துப்பாக்கி, பழசு, வெடித்துவிட்டது என்றுதான் என்னிடம் சொன்னார். நீங்களும் அந்த மாதத்திலிருந்துதான் வரவில்லை. அது என்ன டப்பா?

விரலெல்லாம் எண்ணெயோடு,
அர்டிஸ்


சால்மன்
2 அக்டோபர்

அர்டிஸ்,

துப்பாக்கி பழசில்லை. ஆரின் அன்று சுட்டது நான் செய்த தோட்டா.

உங்கள் வீட்டு மேசையில்தான் செய்தேன். ரேடியோவில் பேஸ்பால் இறுதி ஆட்டம் ஓடியது. மேசையில் இரண்டு டப்பா திறந்திருந்தது, ஒன்று மெதுவாக எரியும் மருந்து, ஒன்று வேகமாக எரிவது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே தப்பான டப்பாவிலிருந்து அள்ளியிருக்கிறேன். வேறெப்படியும் நடந்திருக்க முடியாது. "இந்தா, நீ முதல்ல சுடு"ன்னு நான்தான் நீட்டினேன். என் நண்பனின் முகத்தில் ரத்தத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன், உள்ளே வரக் கால் வரவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் அது இன்னும் கடினமாகிவிட்டது.

அவன் உங்களிடம் என் பெயரைச் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அவ்வளவு பெரிய மனசு அவனுக்கு. அந்த டப்பாவைத் தூவிவிடுங்கள். இனி நீங்கள் எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

மெர்ல்


லூயிஸ்டவுன்
30 அக்டோபர்

அன்புள்ள மெர்ல்,

உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் மேல் வந்த கோபத்தில் அடுப்பைத் துடைத்தேன், ஜன்னலைத் துடைத்தேன். பிறகு நீங்கள் சொன்னபடி தூவத்தான் டப்பாவின் நாடாவைப் பிரித்தேன். மூடிக்கு அடியில் ஆரின் எழுதிய ஒரு தாள் மடித்துவைத்திருந்தது. அதை மூன்று வாரம் மாவு டப்பாவில் ஒளித்துவைத்தேன். ஆரினைப் போல ஜாக்கிரதையான ஆள் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று பாதிரியார் அடக்கத்தில் சொன்னார். அந்த நல்ல பெயர் இப்போது என் கையில் இருந்தது. எரித்தால் யாருக்கும் தெரியாது, நீங்கள் மட்டும் சுமந்துகொண்டே இருந்திருப்பீர்கள். அது முடியவில்லை. தாளை இதோடு வைத்திருக்கிறேன். அது வழியில் நழுவி விழுந்தாலும் அவர் சொன்னது போய்ச் சேரட்டும் என்று இங்கே எழுதியும் விடுகிறேன்:

"ரெண்டு மருந்தும் இதுல கலந்து கெடக்கு. வெடிச்சதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம புனல்ல மிஞ்சினத பேரப் படிக்காம இதுல கொட்டினது நான். மெர்ல் சரியான டப்பாவுலேர்ந்துதான் அள்ளினான். இந்நேரம் அவனுக்குப் புரிஞ்சிருக்கும். அதான் வரமாட்டேங்கிறான். என்கூட ஒரே மேசைல இனி யார் உக்காருவா? அவனக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல."

இரண்டு மரமண்டைகள். ஒருவர் மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம், அடுத்தவன் தன்னை வெறுக்கிறான் என்று பதினொரு வருடம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அழுகையும் தீரவில்லை.

போன செவ்வாய் எல்க் கிடைத்தது. உறைபனியில் ஆற்றோரம் நின்றது, மூச்சு ஆவியாக வந்தது. ஒரே தோட்டா. ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத மருந்து, நானே எண்ணிப் போட்டது, அவ்வளவு பெரிய உயிரை அப்படியே உட்காரவைத்துவிட்டது. கிட்டே போய்க் கையுறையைக் கழற்றி அதன் கழுத்தில் கை வைத்தேன். நன்றி சொன்னேன். ஒரு சிட்டிகைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது, மெர்ல். ஒரு எல்க். ஒரு கண். ஒரு சிநேகிதம்.

உங்களிடமும் அதே அளவுத் துப்பாக்கிதானே? நான் செய்த ஐந்து தோட்டா அனுப்புகிறேன். தபாலில் போடக்கூடாதாம். மாட்டு லாரிக்காரர் ஹப்பர்ட் சால்மன் வழியாகப் போகிறார், இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுக்கிறேன். பைபிளைப் பற்றி நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அர்டிஸ்


சால்மன்
8 நவம்பர்

அன்புள்ள அர்டிஸ்,

ஆரின் எழுத்தைப் பார்த்தேன். 'ஞாயித்துக்கிழம' வரை படித்துவிட்டு வெளியே போய் விறகு பிளந்தேன். பிறகு வந்து மிச்சத்தைப் படித்தேன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை. அந்த இரண்டாவது டப்பாவை மேசையில் வைத்தது நானாகக்கூட இருக்கலாம்.

உங்கள் ஐந்தையும் வரிசையாக நிறுத்திவைத்தேன். நீளம் எல்லாம் ஒன்று. வேலை சுத்தம். ஒன்றைப் பிரித்து மருந்தை எடைபோட்டுப் பார்க்கலாம் என்று குறடு எடுத்தேன். அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். பதினொரு வருடத்தில் அடுத்தவர் செய்த தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியில் கன்னம் வைத்தது இதுதான் முதல் தடவை. ஐந்தும் சுட்டேன். நூறு அடிக்கு அப்பால் காகிதம். அதில் விழுந்த ஐந்து ஓட்டையையும் ஒரு வெள்ளி டாலர் மூடிவிடும். காகிதத்தை வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

ஹப்பர்ட் திரும்பி வருகிறார். அவரிடம் நான் செய்த ஐந்து கொடுத்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு நான் இன்னொருவருக்குக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. மேசையில் ஒரே டப்பா, ரேடியோ இல்லை. சுடாவிட்டால் வருத்தப்படமாட்டேன், பிரித்து மருந்தை ரோஜாவுக்குத் தூவுங்கள்.

பனி கணவாயை மூட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

உங்கள்,
மெர்ல்


லூயிஸ்டவுன்
14 நவம்பர்

அன்புள்ள மெர்ல்,

ஐந்தையும் சுட்டேன். இரண்டு கண்ணும் பத்திரமாக இருக்கிறது.

எல்க் கறி வேகிறது. வாருங்கள்.

அர்டிஸ்