ஓட்டுநர் மூடி

2024 மார்ச் 11, திங்கள்

இன்று சக்கரங்கள். பக்கத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் இரட்டை. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, தட்டில் வரிசையாக வைத்தேன். கை நடுங்கவில்லை. கை நடுங்கவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு சக்கரத்தைத் திருப்பி ஒட்டிவிட்டேன்.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கப்பல், விமானம், நீராவி எஞ்சின் எல்லாம் சின்ன மாதிரிகளாகச் செய்திருக்கிறேன். டாங்கி மட்டும் செய்ததில்லை. காரணம் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்டதில்லை. பொங்கல் கழிந்து அண்ணியே கேட்டார். "எல்லாம் செய்யிறீங்க. உங்க அண்ணன் ஓட்டுனத மட்டும் ஏன் தம்பி செய்ய மாட்டேங்கிறீங்க?" மகள் முத்தமிழிடம் சொல்லி டாங்கி பாகங்கள் கொண்ட இந்தப் பெட்டியை வரவழைத்தேன்.

வேம்பு அண்ணன் ஓட்டியது செஞ்சுரியன். எழுபத்தொன்று டிசம்பர் போர், மேற்கு எல்லை. டாங்கி அடிபட்டது. நால்வரில் மூவர் திரும்பினார்கள். அண்ணனைக் காணவில்லை என்று தந்தி வந்தது. பிறகு, இறந்ததாகக் கருதப்படுகிறார் என்றார்கள். உடல் வரவில்லை. அந்த இடம் எதிரி கைக்குப் போய்விட்டது, டாங்கியையும் அவர்களே இழுத்துப் போனார்கள். அதே வண்டியில் பீரங்கி சுட்டவர் பாவாடை, துறையூர்க்காரர். மறு வருடம் விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்: "நாங்க மூணு பேரும் மேல வழியா குதிச்சோம். ஓட்டுற அண்ணனுக்கு முன்பக்கம் ஏறி எறங்கத் தனி மூடி இருக்கு. அவரும் குதிச்சிருப்பாரு."

அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. குதிச்சிருப்பாரு. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை பொட்டு வைக்கிறார். அண்ணன் எங்கோ ஒரு சிறையில் இருக்கிறார் என்பது அவர் நம்பிக்கை. நான் மறுத்ததில்லை. ஆமோதித்ததும் இல்லை. எதைத்தான் நான் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன்?

மார்ச் 14

பகல் முழுக்க மின்தடை. எதுவும் ஒட்டவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

அண்ணி மேசை அருகே வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த மூடி எது?" என்றார்.

காட்டினேன். முன்பக்கம், வலது ஓரம். ஜன்னல் போல இரண்டு சிறு கதவுகள்.

"இது தொறக்குமா?"

"ஒட்டிடணும் அண்ணி. பொம்மைதானே."

"ஒட்டாதீங்க. தொறந்து மூடுற மாதிரி செய்யுங்க. அதுக்குள்ளதான அவரு ஒக்காந்திருப்பாரு."

பழைய ஒயரைப் பிரித்து, செம்பு இழையில் கீல் செய்யப் பார்க்கிறேன். முதலில் செய்தது மூடியைவிடக் கனமாக இருக்கிறது.

மார்ச் 27

கீல் சரியாக வந்துவிட்டது. நகத்தால் நெம்பினால் கதவுகள் எழும்புகின்றன. அண்ணி திறந்தார், மூடினார், திறந்தார். "நம்ம வூட்டு பீரோகூட இவ்வளவு சுளுவா தொறக்காது" என்று சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். விரல் மை காய்வதற்குள் வேலையில் உட்கார்ந்தேன். முதலில் உடல் முழுக்கத் துரு நிறம். அதன் மேல் தண்ணீர் தொட்டுக் கல்லுப்புப் பொடியை அங்கங்கே ஒட்டவைத்து, மேலே பச்சை அடிக்க வேண்டும். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுத்தால் பெயின்ட் உரிந்து உள்ளே துரு தெரிவதுபோல் இருக்கும். உப்பு ஜாடியை எடுக்கும்போது அண்ணி பார்த்துவிட்டார்.

"கொழம்புக்கா, பீரங்கிக்கா?"

"பீரங்கிக்கு."

"அதுக்காவது ஒப்பு ஒறைக்கட்டும். நீங்கதான் பிரஷர்னு ஒப்பில்லாம திங்கிறீங்க."

ஏப்ரல் 28

அழுக்கேற்றுவதுதான் இந்த வேலையில் கடினம். எவ்வளவு ஏற்றினாலும் போதவில்லை என்று தோன்றும், திடீரென்று மிகுந்துவிடும். சாக்பீஸ் தூள், விளக்குக் கரி, செங்கல் பொடி மூன்றையும் சலித்து வைத்திருக்கிறேன். சக்கரச் சங்கிலிகளுக்கு வாசல் தூசியையே எடுக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அரியலூர்த் தூசி சுண்ணாம்புக்கல் லாரிகள் கொட்டிப்போகும் வெளுத்த தூசி. அண்ணன் போரிட்ட ஆற்றங்கரையில் மண் என்ன நிறம்? நான் பார்த்ததில்லை. பார்க்காத மண்ணைப் பூசிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்குக் கோபம். "பச்சையா அழகா அடிச்சு வச்சிருந்தீங்க. அது மேல ஏன் மண்ண அப்புறீங்க? அவரு சைக்கிளயே ரெண்டு வேளை தொடைப்பாரு. அவரு வண்டியா இப்பிடிக் கெடக்கும்?"

"அழுக்கு இல்லைன்னா பொம்மை மாதிரி தெரியும் அண்ணி."

"நீங்கதான பொம்மைன்னு சொன்னீங்க?"

முன்பக்கத்து மண்ணைப் பாதி துடைத்துவிட்டேன். அண்ணனுக்காக என்று வைத்துக்கொள்ளலாம்.

மே 5, ஞாயிறு

முத்தமிழ் பெரம்பலூரிலிருந்து வந்தாள். ஒரு சாக்குப் பையில் சின்ன வெங்காயம், இன்னொரு பையில் ஒரு புகைப்படம். இணையத்தில் எதையோ தேடப்போய், எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் போட்ட படங்களில் இது கிடைத்ததாம். டாங்கியின் ஓரத்தில் இருக்கும் எண், எங்களுக்கு மனப்பாடமான அண்ணன் டாங்கியின் எண். நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதே எண்தான். என்னிடம் முதலில் காட்டியிருக்கலாம். பெரிதாக அச்செடுத்து லேமினேட் செய்து, நேரே பெரியம்மா கையில் கொடுத்துவிட்டாள்.

பனிக்காலத்து வயல். தனியாக ஒரு டாங்கி. சுழலும் தலைப்பகுதி கருகியிருக்கிறது. பீரங்கிக் குழாய் முன்புறம் வலப்பக்கமாகத் திரும்பித் தாழ்ந்து கிடக்கிறது.

அண்ணி வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. படத்தை என் பக்கம் திருப்பி, "பாத்தீங்களா, ஆளே இல்ல. எல்லாரும் எறங்கிட்டாங்க" என்றார். அவர் முகத்தில் தெரிந்ததை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

மே 6

படத்தில் உள்ளபடி வைத்துப் பார்ப்போம் என்று பொம்மையின் தலையைத் திருப்பினேன். குழாயைத் தாழ்த்தினேன். அது ஓட்டுநர் மூடிக்கு நேர் மேலே வந்து நின்றது.

நகத்தால் கதவை நெம்பினேன். நெல் முனையளவு எழும்பி இடித்தது. மற்றக் கதவு அசையவே இல்லை.

குழாயை நகர்த்தினேன். திறந்தது. மறுபடி படத்தில் உள்ளபடி. திறக்கவில்லை.

என் கீல் கனமாக இருக்கலாம். பெட்டிக்காரன் அளவில் பிசகு இருக்கலாம். முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கும்போது ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் எல்லாமே மாறும். நான் பீரங்கிக்காரன் இல்லை, வேதியியல் நடத்தியவன்.

படத்தில் மூடி சாத்தியிருக்கிறது. நேற்று அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மே 7

மறுபடி அளந்தேன். கீலைக் கழற்றிவிட்டும் அளந்தேன். அதேதான்.

மே 12

ஓட்டுநர் உள்வழியாகத் தலைப்பகுதிக்கு ஏறி வரலாம் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். தலை திரும்பியிருந்தால் அந்த வழி அடைபடும் என்று இன்னொருவர். இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கிறேன். அண்ணி அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முத்தமிழுடன் போனில் பேசுகிறார். "அந்த ஊர்க்காரன்கிட்ட இந்த போட்டோ இருக்குன்னா, அவரப் பத்தியும் தெரிஞ்சிருக்கும்ல? எழுதிக் கேளு பாப்பா." முத்தமிழ் சரி என்றிருப்பாள்.

இந்த நம்பிக்கை வளர்வதற்குள் நான் தெரிந்துகொண்டாக வேண்டும்.

மே 19, ஞாயிறு

முத்தமிழைப் பார்க்கப் பெரம்பலூர் போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, அங்கே பஸ் மாறித் துறையூர் போனேன். பாவாடைக்கு என்னைவிட ஆறு வயது அதிகம், இன்னும் நிமிர்ந்து உட்காருகிறார். டீ வந்தது. குடித்து முடித்தேன். பிறகு போனில் இருந்த படத்தைக் காட்டி, "குழாய் இப்படி இருந்தா முன்னால மூடி திறக்குமா?" என்றேன்.

பார்த்தார். போனைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க காலேஜ்ல பாடம் எடுத்தவரு. ஒங்களுக்குத் தெரியாததா சார்?"

"தெரியாது. அதான் வந்தேன்."

"எதிரி சோத்தாங்கைப் பக்கம் பள்ளத்துல நின்னான். கொழாய எறக்கி சுட்டுக்கிட்டிருந்தோம். அடி விழுந்ததும் கரண்ட் போச்சு. அப்புறம் தலைய கையாலதான் சுத்தணும். அதுக்கு நேரம் புடிக்கும் சார். நெருப்பு வந்துடுச்சு."

"சுத்துனீங்களா?"

"சுத்துனேன்." தெருவைப் பார்த்தார். "முழுசா இல்ல."

மாட்டைப் பிடித்துக்கொண்டு யாரோ போனார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், அவர்களும் கும்பிட்டார்கள்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க சார். அன்னிக்கு நான் பொய் சொல்லணும்னு வரல. உங்க வூட்டு வாசல்ல ஏறுறவரைக்கும் உள்ளதத்தான் சொல்லணும்னு இருந்தேன். கதவுக்குப் பின்னால அக்கா நின்னுச்சு. வாயில வேற வந்துடுச்சு."

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதா? அவரிடம் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதுவரை என் வாய் திறவாமையைக் கோழைத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். இது அதுவா என்று தெரியவில்லை.

ஜூன் 2

தலையை ஒட்டிவிட்டால் தீர்ந்தது. நேராக முன்னோக்கி வைத்து நாலு சொட்டுப் பசை. யாரும் திருப்ப முடியாது. மூடி எப்போதும் திறக்கும்.

பசைப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முனை காய்ந்துவிட்டது. ஒட்டவில்லை. படத்தில் உள்ளபடியும் ஒட்டவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்யத் தைரியம் வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

முடிந்தது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். இனியும் தள்ளிப்போட முடியவில்லை, தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயை நேராக வைத்துத்தான் கொடுத்தேன்.

அண்ணி சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வைத்தார். புகைப்படத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவுல கொழா இந்தப் பக்கம்ல கெடக்குது?"

"எப்படி வேணா வச்சுக்கலாம் அண்ணி."

"இருந்தபடியே இருக்கட்டும்." தலையை மெல்லத் திருப்பினார். ஒரு விரலால் குழாயைத் தாழ்த்தினார். வழக்கம்போல மூடிக்கு நகத்தைக் கொண்டுபோனார். இடித்தது. மறுபடி நெம்பினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.

"கீலு ஒடஞ்சிடுச்சா தம்பி?"

ஆமாம் என்றால் போதும். கொடுங்க, சரிபண்ணித் தரேன் என்று வாங்கிக்கொண்டு போய், பசை போட்டுக் கொண்டுவந்து வைத்துவிடலாம். அந்தச் சாக்கை அவரே கையில் கொடுக்கிறார்.

"இல்லங்க அண்ணி" என்றேன். "கீலு நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் குழாயைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பாவாடைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒங்களுக்கு எப்பலேர்ந்து?"

"சித்திரையிலேர்ந்து."

தலையை ஆட்டினார். "மாடியில மொளவா காயுது, அள்ளணும்" என்று எழுந்துபோனார். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் கூடப் போகவில்லை.

ஜூன் 17

ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை. ஒடஞ்சிடுச்சு அண்ணின்னு. யாருக்கு என்ன நட்டம்? எழுபது வயசுவரைக்கும் எதையும் நேரா சொல்லாதவன், சொல்றதுக்கு இதுதானா கெடச்சுது?

ராத்திரி அவங்க ரூம்ல சத்தமே இல்ல. அழுதிருந்தாக்கூடத் தேவலை.

ஜூன் 18

காலையில் காபி வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது.

ஜூலை 7

முத்தமிழ் வந்து போனாள். அண்ணி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஊர்க்காரனுக்கு எழுத வேணாம் பாப்பா" என்று மட்டும் சொன்னார். ஏன் பெரியம்மா என்றாள் அவள். "எழுத வேணாம்."

ஜூலை 21

கொடியில் காய்ந்த போர்வையை எடுத்து வைக்க அண்ணி அறைக்குள் போனேன். டாங்கி அலமாரியில் இருந்தது. குழாயை இடது பக்கம் நன்றாகத் தள்ளி வைத்திருக்கிறார். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. நான் பூசிய மண்ணில் ஒரு துளி இல்லை. ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

அண்ணி விடியும் முன்பே குளித்துச் சமையலை முடித்துவிட்டார். கூப்பிட்டபோது போனேன். சாமி படங்களுக்குக் கீழே இலை போட்டிருந்தது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, என் மனைவி வளர்மதிக்கு. வருடா வருடம் மூன்றுதான். இன்று நாலு.

நாலாவது இலையின் அருகே ஒரு சட்டை மடித்து வைத்திருந்தது. புதிது. யார் போய் வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

"அண்ணி..."

"சோறு ஆறுது தம்பி. சூடத்தக் காட்டுங்க."

காட்டினேன். அவர் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கக் கை கொடுத்தேன். நெற்றியில் பொட்டு என்றும்போல இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு இறங்கும்போது, "பாவாடைக்கு ஒரு போனப் போடுங்க" என்றார்.

"என்னன்னு சொல்லட்டும்?"

"இன்னிக்கு எலை போட்டுட்டோம்னு சொல்லுங்க. அது போதும்."

போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை.