மூன்று குழிகளை மூட அனுமதி கோரி

அனுப்புநர்:
ச. வைதேகி (வயது 16),
த/பெ. ஆர். சந்திரமௌலி,
ரீஃப் பண்ணை வீடு, மேல்மாடி,
ஹின்டர்வீஸ் கிராமம், ஆல்காய் மலைப்பகுதி,
மேற்கு ஜெர்மனி.

பெறுநர்:
தமிழறிந்த உதவி அலுவலர் அவர்கள்,
இந்தியத் துணைத் தூதரகம், மியூனிக்.

பொருள்: படிகக் கல் தேடித் தோண்டிய மூன்று குழிகளை மூடுவதற்கு மட்டும் ஆறு நாள் அனுமதி பெற்றுத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மாதம் ஒன்பதாம் தேதி மேய்ச்சல் சரிவின் வேலியோரம் நடந்தபோது, போன வருடம் நாங்கள் வேர்மண்ணோடு வெட்டி அடுக்கிய புல்தட்டுகளின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பூவைப் பார்த்தேன். தட்டுகள் எல்லாம் செத்துவிட்டன என்றே அதுவரை நினைத்திருந்தோம். அந்தப் பூவினால்தான் இதை எழுதுகிறேன்.

1. என் தந்தை மியூனிக்கில் ஓர் ஆய்வகத்தில் பாறை ஆராய்ச்சி செய்துவந்தார். அந்த வேலை முடிந்தபின், கோடையில் மட்டும் கையால் தோண்டிப் படிகக் கல் எடுத்து, மணியாகக் கடைந்து, ஸ்படிக மாலைக்காக ஊருக்கு அனுப்பத் திட்டமிட்டார். இடம் தந்தவர் எங்கள் வீட்டுக்காரரான விவசாயி திரு. யோசெஃப் ரீஃப். அவருடைய பன்னிரண்டு மாடுகள் மேயும் சரிவு அது.

2. சென்ற வருடம் ஜூலை முதல் செப்டம்பர் முடிய மாவட்ட அலுவலகத்தின் அனுமதி கிடைத்தது. மேல்புல்லை வேரோடு தட்டுத் தட்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் நிழலில் பரப்பி, நீர் தெளித்துக் காக்க வேண்டும். பனி விழுமுன் கல், மண், புல் என்ற வரிசையில் குழியை மூட வேண்டும். இது நிபந்தனை. தோண்ட முப்பது நாள், மூட முப்பது நாள் என்று நோட்டில் எழுதிவைத்தவள் நான்.

3. அனுமதிக் கடிதம் ஜூலை 13 அன்றுதான் தபாலில் வந்தது. ஆடி பிறக்க மூன்று நாள் இருந்தது. "ஆடியில பூமியைத் தொடப்படாது, ஆவணி பொறக்கட்டும்" என்றார் அம்மா. "இந்த மலைக்கு ஆடி, ஆவணியெல்லாம் தெரியுமாடி?" என்று அப்பா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோட்டு உங்கிட்டதானே இருக்கு? நாள் பத்துமா, வைதேகி?" என்று கேட்டார். பத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குச் சட்டென்று பேச்சு வராது. இங்கே என் பள்ளிப் படிப்பு நின்றுபோனதும் அதனால்தான். நான் சும்மா இருந்ததை அப்பா சரி என்று எடுத்துக்கொண்டார்.

4. ஆகஸ்ட் 17 அன்று தொடங்கினோம். பரப்பி வைக்க நேரமில்லாமல் புல்தட்டுகளை நான்கு நான்காக அடுக்கினோம். செப்டம்பர் 14 அன்று முழங்கால் அளவு பனி விழுந்தது. அடுக்குகளைச் சாக்குப் போட்டு மூடப் போன அப்பா சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். இன்றும் அவரால் மலை ஏற முடியாது. மூன்று குழிகளும் மூடாமலே கிடந்தன; மொத்தம் கிடைத்தவை பதினோரு கற்கள்.

5. மே மாதம் உருகிய பனிநீர் திறந்த குழிகளில் இறங்கிச் சரிவை அறுத்து ஓடை ஆக்கியது. அதில் திரு. ரீஃபின் பசு ஒன்று கால் ஒடிந்து, அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. அவர் புகார் செய்தார். நான் அதைத் தவறென்று சொல்லவில்லை. இப்போதும் தினம் காலையில் எங்கள் படியில் பால் வைத்துவிட்டுத்தான் போகிறார். புகாரின்மேல் எங்கள் அனுமதி ரத்தாகி, வேலியைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவும் வந்தது.

6. குழிகளை மூடவாவது விடுங்கள் என்று அப்பா மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினார். மூடுவதற்கும் மண்ணைத் தொட வேண்டியிருப்பதால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், நான்கு மாதம் ஆகும் என்று இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. நான்கு மாதத்தில் இங்கே மறுபடியும் பனி வந்துவிடும். அதற்கு முன்பே, ஜூலை 31 அன்று, நாங்கள் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் முடிகிறது. திரு. ரீஃபுக்கு அறுபத்தெட்டு வயது; துணைக்கு ஆள் இல்லை; அவராலும் மூட முடியாது. இனி அப்பா எழுதமாட்டேன் என்கிறார்.

7. வேலியிலிருந்து நாற்பதடி தூரத்தில் அந்த அடுக்குகள் இருக்கின்றன. நூற்றுப் பன்னிரண்டு தட்டுகளில் பூவைப் பார்த்த அன்று இருபத்தாறில் பச்சை தெரிந்தது. நேற்று எண்ணியபோது பத்தொன்பது. ஒரு குழியை மூடக்கூட இவை போதாது என்று எனக்குத் தெரியும்.

ஐயா, எனக்குக் கல் வேண்டாம். அந்தப் பதினோரு கற்களையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு புல்தட்டை என்னால் தனியாகத் தூக்க முடியும். இந்த மனுவைத் தாங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்த்து அந்த அலுவலகத்துக்கு அனுப்பி, ஆறு நாள் அனுமதி பெற்றுத் தர வேண்டுகிறேன். எனக்கு இல்லையென்றாலும், வேறு யாரையாவது அனுப்பி அந்தப் பத்தொன்பதையும் உடனே மண்ணில் வைக்கச் சொல்லுங்கள். அப்பா கேட்ட அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதியிருக்கிறேன்.

இடம்: ஹின்டர்வீஸ்
நாள்: 24.6.1974

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ச. வைதேகி

பின்குறிப்பு: உத்தரவை மீறியதாக யாரும் சொல்லக்கூடாது என்பதால் இதையும் தெரிவிக்கிறேன். இன்று காலை திரு. ரீஃபின் உலர்புல் பரணைக் கூட்டி, உதிர்ந்து கிடந்த புல்விதையை அவருடைய பால் குவளையில் எடுத்துக்கொண்டு போனேன். வேலியைத் தாண்டவில்லை. இந்தப் பக்கமே நின்று, கை வீச்சுக்கு எட்டிய தூரம் வரை சரிவில் வீசிவிட்டு, குவளையைக் கழுவி அவர் படியில் வைத்தேன்.