நீலத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்

நிலைய நாள் 411 — 07:20

எழுதுவது எஸ்தர் ரூபாவதி, புரத ஆய்வாளர். சனிக் கோளின் பனி நிலவைச் சுற்றும் ஆய்வு நிலையம். இருப்பவர் எண்ணிக்கை: ஒன்று.

காற்று சரி. தண்ணீர் சரி. காபித்தூள் தீர்ந்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்ல.

வாராந்திர இரத்தம் எடுத்தேன். இரத்தத்தை உறையவைக்கும் புரதத்தின் எழுத்து வரிசையை, ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாகப் படித்து, 'அடுக்கு' மென்பொருளில் ஏற்றினேன். ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்துக்கு நேர் எழுத்தாக நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் பெரும்பாலான வரிகளில் இருக்கும் எழுத்தை அடுக்கு நீலமாக்கிக் காட்டும். ஒத்துப்போகாதது வெள்ளையாகவே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பூமியிலிருந்து அனுப்பிய ஒப்பு வரி. அதற்குக் கீழே முழுக்க நானும் வைரவனும்தான்.

திரை முழுவதும் நீலம், ஒரே ஒரு கட்டம் வெள்ளை. ஒப்பு வரியில் 275ஆம் இடம். எங்கள் வரிகளில் அங்கே 'டி', ஒப்பு வரியில் மட்டும் 'ஜி'. பல மாதங்களாகக் கண்ணை உறுத்துகிறது. இன்று குறிப்புப் பெட்டியைத் திறந்து எழுதியேவிட்டேன்: 'ஒப்பு வரியில் பிழை. பொருட்படுத்த வேண்டாம். — எ.ரூ.' கோப்பை அனுப்பிய தலைமையகத்துப் புண்ணியவான் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார்.

வைரவன் நிலையத்தின் இயந்திரப் பொறியாளன். சென்ற மாதம் குழாய்த் தகடு அவன் கையைக் கிழித்தது. இரத்தம் நிற்கவே இல்லை, அன்றே இறந்துவிட்டான். தலைவலி மாத்திரைகளை அதிகம் விழுங்கியதால் இரத்தம் நீர்த்துவிட்டது என்று தலைமையகம் முடிவு கட்டியது. அவன் வரிகளைத் தனிக் கோப்புக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மனம் வரவில்லை.

இன்று விரலில் குத்திய இடம் இன்னும் கசிகிறது. பஞ்சு வைத்திருக்கிறேன்.

நாள் 413 — 16:05

என்னை அழைத்துப்போக வரும் கலத்திலிருந்து செய்தி:

"அக்கா, சுடலைமுத்து பேசுதேன். இன்னும் மூணு நாள்ல அங்கன இருப்போம். மூணு பேரு வாரோம். காபித்தூள் கொண்டாரோம், நீங்க வெந்நி மட்டும் போட்டு வையுங்க."

எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று இங்கே பதியப்போவதில்லை. பின்னணியில் வேறு யாரோ இருமியது கூடக் கேட்டது. அந்த இருமலும் எனக்குப் பிடித்திருந்தது.

விதிப்படி மூவரின் இரத்தக் கோப்புகளையும் முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள். நாளை அடுக்கில் சேர்க்க வேண்டும். இன்று வீட்டைப் பெருக்கினேன். வீடு என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நாள் 414 — 09:30

மூவரின் வரிகளையும் ஏற்றினேன்.

275ஆம் இடத்தில் புதிதாக மூன்று வெள்ளைக் கட்டங்கள். மூன்றிலும் 'ஜி'.

மீண்டும் ஏற்றினேன். அதேதான்.

ஒப்பு வரியில் பிழை இல்லை. பிழை எங்களிடம் இருக்கிறது. பெரும்பான்மை என்று நான் நம்பியது நானும் வைரவனும் திரும்பத் திரும்ப நின்ற வரிசையை. வாரத்துக்கு ஒரு வரியாக எனக்கு நானே ஓட்டுப் போட்டு ஜெயித்திருக்கிறேன். எங்கள் முதல் பரிசோதனையே, நிலவிலிருந்து எடுத்த பனிக்கட்டியை நான் ஆய்வறையில் திறந்த பிறகு எடுத்தது. அதனால் மாற்றம் எங்கள் வரிகளில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது, மாற்றமாகத் தெரியவில்லை.

நாள் 414 — 10:45

பனியைத் தொட்டவள் நான் மட்டும். வைரவன் ஆய்வறைக்குள் கால் வைத்ததே இல்லை. அந்தக் குளிர் எனக்கு ஆகாது என்பான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மூச்சுக்காற்று ஒன்றுதான்.

மாத்திரையால் அவன் சாகவில்லை.

அழுதேன். மூக்கிலிருந்து இரத்தமும் வந்தது.

நாள் 414 — 12:10

நிலவரம் இது. கலம் நாளைக் காலை ஆறு மணிக்கு வேகம் குறைக்கும். குறைத்துவிட்டால் இங்கே இணைந்து எரிபொருள் நிரப்பாமல் ஊர் திரும்ப முடியாது. குறைக்காவிட்டால் நிலவை ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியே போய்விடலாம். என்னை விட்டுவிட்டு.

அடுக்கில் ஒரு வசதி உண்டு. வேண்டாத வரியைத் தேர்ந்து 'மறை' என்றால் மறைந்துவிடும். ஒப்பு வரியும் புதிய மூன்றுமாக நான்கு வரிகளையும் மறைத்தேன். திரை முழுக்க நீலம். எங்கும் ஒரு குறை இல்லை. இப்படியே தலைமையகத்துக்கு அனுப்பினால் யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. நாளை மறுநாள் எதிரே ஒருவர் உட்கார்ந்து காபி குடிப்பார்.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மனிதர்கள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நாள் 414 — 18:15

மறைத்தவற்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். என் குறிப்பை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: 'ஒப்பு வரி சரி. எனக்கும் வைரவனுக்கும் தொற்று. காற்றில் பரவும். — எ.ரூ.' கலத்துக்கும் தலைமையகத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

நாள் 415 — 05:10

கலத்திலிருந்து:

"அக்கா, நாங்க மூணு பேரும் பேசிட்டோம். உடுப்ப மாட்டிக்கிட்டு வந்து ஒங்களத் தூக்கிட்டுப் போயிருதோம். ஒத்தையில விட்டுட்டுப் போவ முடியாதுல்லா."

என் பதில்: "தம்பி, என் கூடத் திரும்பிப் போற வழி பூரா நீங்க உடுப்ப கழட்டாம இருக்க முடியுமா? வேகத்தக் கொறைக்காதீங்க. நான் கதவத் தொறக்க மாட்டேன்."

நாள் 415 — 06:00

வேகம் குறைக்கவில்லை.

நாள் 416 — 14:40

சன்னல் வழியே பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இடமிருந்து வலமாகப் போயிற்று. கையாட்டினேன், அவர்களுக்குத் தெரியாது என்று தெரிந்தும்.

சுடலைமுத்து ஒலிவாங்கியைத் திறந்தே வைத்திருந்தான். மூன்று பேரின் மூச்சும் கேட்டது, தொடர்பு அறும்வரை.

நாள் 431 — நேரம் பார்க்கவில்லை

ஈறில் கசிவு. நிற்க முடியவில்லை. இந்த வார வரியை ஏற்றவில்லை, என்ன எழுத்து வரும் என்று தெரியும்.

பூமிக்குப் போனது ஆய்வுக் கோப்பு மட்டும். இந்த நாட்குறிப்பு இந்த மேசைக் கணினியை விட்டு எங்கும் போகவில்லை. ஆகவே இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் உள்ளே நிற்கிறீர்கள். கதவுக் கண்ணாடியில் 'உள்ளே வராதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். படித்திருப்பீர்கள். அப்படியும் வந்திருக்கிறீர்கள்.

தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தால் விரலில் குத்தி இரத்தம் எடுங்கள். உங்கள் வரியை ஒப்பு வரிக்கு அடுத்து வையுங்கள், என் வரிகளோடு சேர்க்காதீர்கள். 275ஐப் பாருங்கள். 'டி' என்றால் யாரையும் கூப்பிடாதீர்கள்.

திட்ட வேண்டும் உங்களை. அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்

ஆனால் யாரோ ஒருவர் வந்து இந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்று நினைக்கையில் மன்னியுங்கள் எனக்குச் சந்தோஷமாக இருக்