அழியாத இருபத்து நாலு

அன்புள்ள கல்பனாவுக்கு,

நான் நலம். அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டு ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை இருப்பதைச் சொல்லியிருக்கிறேனே. தினமும் காலையில் தேதி, அதே தேதியில் முன்பு நடந்த ஒரு சம்பவம், ஒரு துணுக்கு, கடைசியில் என் மனதில் பட்ட ஒரு வரி, இவற்றை எழுதுவது என் பொறுப்பு. பீகார்க்காரர்களின் சட் பூஜைக்குப் பாதிப் பேர் லீவில் போனதால் வெள்ளிக்கிழமை இரட்டை டியூட்டி. உனக்குப் போன்கூடப் பண்ண முடியவில்லை. கல்கத்தாவில் முதல் மெட்ரோ ஓடிய நாள் என்றும், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றும் எழுதினேன். கடைசி வரி: 'இன்று ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள்.' யார் குழந்தை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் பலகையில் தேதி மாறவில்லை. இங்கே எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வருகைப் பதிவில் தேதி போடுவார்கள். மொத்த ஷிப்டும் மறுபடி இருபத்து நாலு என்று போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டது! பெரியவர் கோஷ் பாபு தலையில் அடித்துக்கொண்டார்.

"கீ ஹோலோ, என்ன ஆச்சு சிவராஜ், நேத்து இன்னும் முடியலையா?"

தூக்கக் கலக்கம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஊருக்கு லீவில் வந்திருக்கும் ஜெயபிரகாஷிடம் பருப்புப் பொடி கொடுத்தனுப்பு. பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அதையும் அனுப்பு. செருப்பு வாங்கத்தான்.

கூப்பிடுகிறார்கள், வண்டி வந்துவிட்டது. உனக்கு மட்டும் சொல்கிறேன், அது தூக்கக் கலக்கம் இல்லை. டஸ்டரைக் கையில் எடுத்தேன். அவள் பிறந்தநாளை அழிக்க மனம் வரவில்லை.

சிவராஜ்