மாமி, தாங்கியில் ஓட்டை இல்லை

என் பிரியமுள்ள மாமி,

இங்கே பனி கரைந்து புல் முளைத்துவிட்டது. நீங்கள் நம்பமாட்டீர்கள். மாசி மாதத்தில் யன்னலால் எட்டிப் பார்த்து, "உந்த மண்ணில இனி ஒண்டும் முளைக்காது பிள்ளை" என்று தீர்ப்புச் சொன்னவர் அல்லவா? அந்த மண்ணைத்தான் போன கிழமை தோண்டினோம். தோண்டியபோது நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. பேசுகிறவர் எதையோ ஒளிக்கிறார் என்பீர்கள். ஆகவே நேராகவே சொல்கிறேன். உங்களைக் குளிரில் விறைக்க வைத்தது யார் என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஸ்டான்லிதான் என்று நானும் உங்கள் மகனும் முடிவு கட்டியிருந்தோம். இப்படிப்பட்ட மனிதன் பக்கத்தில் இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டு இந்த அஜின்கோர்ட் ஊரை விட்டே போய்விடுவோம் என்றும் பேசி முடித்திருந்தோம்.

நமக்குள் ஒத்துப்போன ஒரே குணம் சந்தேகம்தானே மாமி? கடதாசிப் பெட்டியில் வருகிற பாலை நீங்கள் மோந்து பார்த்த பிறகுதான் அடுப்பில் வைப்பீர்கள். நான் மோந்து பார்த்துவிட்டேன் என்று சொன்னால் இன்னொரு தடவை மோப்பீர்கள். நானும் சும்மா இருந்தேனா? நீங்கள் என் அலமாரியைத் திறக்கிறீர்களா என்று பார்க்கச் சேலை மடிப்புக்குள் நூல் வைத்துவிட்டு வேலைக்குப் போனவள் நான். ஒருவரை ஒருவர் நம்பாமல் நாம் நன்றாகத்தான் குடும்பம் நடத்தினோம்.

தை மாதத்தில் ஃபர்னஸ் முதல் தடவை நின்றபோது நீங்கள் பேஸ்மென்ட் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஃபர்னஸில் எரிந்து இந்த வீட்டைச் சூடாக்குகிற எண்ணெய் பின்வளவில், மண்ணுக்குக் கீழே புதைத்த இரும்புத் தாங்கியில் கிடக்கிறது. வெளியே தெரிவது மூடி போட்ட ஒரு குழாய் மட்டும்தான். திருத்த வந்தவன் எண்ணெயைப் போத்தலில் எடுத்து ஆட்டிப் பார்த்தான். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. தாங்கி பழசு, அடியில் உக்கி ஓட்டை விழுந்திருக்கும், நிலத்துத் தண்ணீர் உள்ளே போகிறது, கோடை வந்ததும் கிளறி எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு அப்போதே அவன்மேல் நம்பிக்கை வரவில்லை. மண்ணுக்குள் கிடக்கிற ஓட்டை இவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? பிறகு எண்ணெய் லொறிக்காரனைச் சந்தேகித்தேன். ஊரில் பால்காரன் செய்ததை இங்கே எண்ணெய்க்காரன் செய்யமாட்டானா?

அடுத்த மாதம் மறுபடியும் நின்றது. நானும் உங்கள் மகனும் வேலையில். பின்னேரம் நான் வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள்ளேயே என் மூச்சு புகையாகப் போனது. நீங்கள் மூன்று போர்வைக்குள் சோபாவில் சுருண்டிருந்தீர்கள். ஏன் எனக்கு ஃபோன் பண்ணவில்லை? நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேனே. அன்றைய காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த சிவா அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தார். ஐயர் கிடைக்காத இந்த ஊரில் உங்களுக்குக் கிரியை செய்தவரும் அவர்தான். "தண்ணி தானா வந்திருக்காது தங்கச்சி. ஆரோ ஊத்தியிருக்கிறாங்கள். எங்கட ஆக்களை இஞ்ச எல்லாருக்கும் பிடிக்காது," என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. வீட்டுக் கதவில் முட்டை எறிந்தார்கள். காரில் போகிற பையன்கள், எங்கள் நிறத்தைப் பார்த்து இழிக்கிற 'பாக்கி' என்ற சொல்லைக் கத்தினார்கள். நீங்களும் எத்தனை நாள் சொன்னீர்கள்? "பக்கத்து வீட்டுக் கிழவன் வேலிக்கு மேலால கையை ஆட்டி ஆட்டிக் கத்துறான் பிள்ளை. அவன்ர முழி சரியில்லை." உங்கள் மகன் பனிக்குள் அந்தக் குழாயடியில் பெரிய சப்பாத்துத் தடங்களையும் பார்த்திருந்தார். இதைவிட என்ன வேண்டும்? ஸ்டான்லி காலையில் கையசைத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தேன். உங்கள் மகன் அதுவும் செய்வதில்லை; அந்தப் பக்கம் மனிதன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

வீட்டை விற்பதென்றால் முதலில் தாங்கியை எடுக்க வேண்டும், எரிவாயு இணைப்பு எடுக்க வேண்டும் என்றார்கள். டோனி என்கிற இத்தாலியர் ஒரு துணையாளோடு வந்தார். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு யன்னலடியில், உங்கள் கதிரையில் உட்கார்ந்து காவல் காத்தேன். ஓட்டை இல்லாத இடத்தில் அவரே கடப்பாரையால் குத்தி ஓட்டை பண்ணிவிட்டால்? யாரைத்தான் நம்புவது?

மிச்ச எண்ணெயைப் பம்பில் உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு மண்ணை வழித்துச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு, பெரிய எருமை மாதிரி அது மேலே வந்தது. டோனி அதன் அடியைத் துணியால் துடைத்து, சுத்தியலால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, ஓட்டை இல்லை, இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும் என்றார். தாங்கி புதைந்திருந்த கிடங்கின் மண்ணை அள்ளி என் மூக்கடியிலும் நீட்டினார். எண்ணெய் மணம் கொஞ்சமும் இல்லை.

கீழேயிருந்து தண்ணீர் வரவில்லையென்றால் மேலேயிருந்துதானே வந்திருக்க வேண்டும்? சிவா அண்ணை சொன்னது சரி. ஒரு மனிதக் கைதான் ஊற்றியிருக்கிறது. வேலிக்கு அப்பால் ஸ்டான்லி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொலிசைக் கூப்பிடுவதா, அவர் முகத்தில் மண்ணை அள்ளி எறிவதா என்றுதான் யோசித்தேன்.

அப்போது டோனி தாங்கியின் மேல்தகட்டை வெட்டித் திறந்து, அடிக்கசட்டை வழிக்கத் தொடங்கியிருந்தார். எதையோ துணியில் துடைத்துக்கொண்டு வந்து, உங்கள் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுக் கரண்டியா என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன்.

உங்கள் உத்தரணி.

பாம்புத்தலைப் பிடி வைத்த அந்தச் சின்னச் செப்புக் கரண்டி. உங்கள் கிரியைக்கு வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காமல், சிவா அண்ணை ஒரு தேநீர்க் கரண்டியால் தீர்த்தம் விட்டார். அதைத் திருடியது யார் என்றுகூட நான் செத்தவீட்டுக்கு வந்தவர்களில் ஒருத்தியைச் சந்தேகித்து வைத்திருந்தேன். பெயரை இப்போது சொல்லவில்லை.

பிறகு எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வேலைக்குப் போன பிறகு, நீங்கள் கொண்டுவந்த வேலுக்கு அபிஷேகம் செய்வீர்கள். அந்தத் தண்ணீரைக் கால்படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது. எச்சில் கோப்பை கழுவுகிற சிங்க்கிலும் ஊற்றக்கூடாது. கோடையில் ரோசாச் செடியின் அடி இருந்தது. பனி மூடியதும் எந்தச் செடி, எந்த அடி? காலே படாமல், மூடியும் போட்டு, மண்ணுக்குள் இறங்கிப் போகிற ஒரே இடம் அந்தக் குழாய். உங்கள் மகனின் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு, குளிரில் நடுங்கி நடுங்கிப் போய், ஒவ்வொரு வெள்ளியும் முருகனின் அபிஷேகத் தீர்த்தத்தை எங்கள் எண்ணெய்க்குள் ஊற்றியிருக்கிறீர்கள். அப்படி ஒருநாள் கிண்ணத்திலிருந்த உத்தரணியும் வழுக்கி உள்ளே போயிருக்கிறது.

நான் அழுதேன் மாமி. டோனி பயந்துபோய்த் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

உத்தரணியோடு நேரே ஸ்டான்லியிடம் போனேன். அவர் கரண்டியைப் பார்த்ததும் தலையாட்டினார். எல்லாம் தெரிந்த தலையாட்டல். ஐப்பசி முடிவிலேயே உங்களைக் கண்டிருக்கிறார். அது எண்ணெய்க் குழாய் என்று வேலிக்கு மேலாகக் கத்தினாராம். மொழி புரியவில்லை என்று கண்டு, கையால் குழாயைக் காட்டி, கூரைப் புகைபோக்கியைக் காட்டி, குளிரில் நடுங்குவதுபோல் நடித்தும் காட்டினாராம். எனக்கு முன்னாலும் ஒருதரம் செய்து காட்டினார். சின்னக் குழந்தைக்கும் விளங்கியிருக்கும்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உன் புருஷனிடம் சொல்ல வந்தேனே என்றார். முட்டை எறிந்த மறுநாள் அது. ஸ்டான்லி பேச்சைத் தொடங்க முன்னமே, இது எங்கள் வளவு, உன் அலுவலைப் பார் என்று உங்கள் மகன் கதவைச் சாத்தியிருக்கிறார்.

கடைசியாக உங்களைக் கண்டது ஃபர்னஸ் இரண்டாம் தடவை நிற்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமையாம். நீங்கள் கிண்ணத்தோடு குழாயடிக்கு வந்திருக்கிறீர்கள். இவர் மறுபடியும் கையாட்டியிருக்கிறார். நீங்கள் கிண்ணத்தைப் பனியில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியிருக்கிறீர்கள். அதன் பிறகு ஊற்றியிருக்கிறீர்கள். கும்பிட்டுக் கேட்கிற ஒரு கிழவியை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் போய்விட்டேன் என்றார் ஸ்டான்லி. அதைச் சொன்னபோது அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

எதற்காக மாமி கும்பிட்டீர்கள்?

பேசாமல் போகச் சொல்லியா? யாரிடமும் சொல்லாதே என்றா? தை மாதம் படிக்கட்டில் நின்றபோது உங்கள் மகன் உங்களுக்குத் தமிழில் சொன்னாரே, "எண்ணெய்க்குள்ள தண்ணி போயிட்டுதாம் அம்மா" என்று. அது உங்கள் காதில் விழவில்லையா? பாலை இரண்டு தரம் மோக்கிறவருக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லையா? "நான் விறைச்சுக் கட்டையானால்தான் என்னை ஊருக்கு அனுப்புவியள்" என்று மார்கழியில் நீங்கள் சொன்னபோது நான் பகிடி என்று சிரித்தேன். பகிடிதானா? வீடு குளிர்ந்தால் பயந்துபோய் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று நினைத்தீர்களா? அதனால்தான் சுவரிலிருந்த நம்பருக்கு ஃபோன் பண்ணாமல் போர்வைக்குள் கிடந்தீர்களா?

உங்கள் மகன் பின்னேரம் வந்தார். அவரிடம் ஒளிக்க முடியாது; ஒளித்தால் ஒரு அப்பாவி மனிதன் ஆயுள் முழுக்கக் குற்றவாளி. உத்தரணியைக் கையில் வைத்து, ஸ்டான்லி சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். மூடாத கிடங்கின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்டைக்கு அவர் சொல்ல வந்தது இதைத்தானோ?" என்று கேட்டார். "நான் கதவைத் திறந்து ரெண்டு வார்த்தை கேட்டிருந்தால்..."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மாவுக்கு ஒண்டும் விளங்கியிருக்காது. அவ கும்பிட்டது சும்மா ஒரு மரியாதைக்கு. ஆரைக் கண்டாலும் கும்பிடுறவதானே, என்ன?"

நீங்களா மாமி? என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அம்மாவுக்கே கைகூப்பாதவர். கோயிலில் ஐயருக்குக்கூட அரைக் கும்பிடுதான் போடுவீர்கள். இது எனக்குத் தெரியும். உங்கள் வயிற்றில் பிறந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அவர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஓம். ஆரைக் கண்டாலும் கும்பிடுவா," என்றேன்.

அவர் எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு ஸ்டான்லி வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் திரும்பி வர வெகு நேரமானது. வந்து, வீட்டை விற்க வேண்டாம் என்றார்.

மாமி, இந்தக் கடிதம் அவர் கண்ணில் படாது. அதற்கு நான் பொறுப்பு. அந்தக் கும்பிடு எதற்கென்று நான் நினைப்பதை அவரிடமோ வேறு யாரிடமோ சொல்லமாட்டேன். அவர் எப்போது கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், என் அம்மாவுக்குக் கூட நீங்கள் கைகூப்பினீர்கள் என்றுதான் சொல்வேன். இது சத்தியம். என் சத்தியத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதும் தெரியும். இந்த ஒரு தடவை நம்புங்கள்.

இப்படிக்கு,
உங்களையும் சந்தேகித்த, உங்கள் மகனுக்காக உங்களோடு சேர்ந்து பொய் சொல்கிற,
உங்கள் ஒரே மருமகள்