கயலுக்கு ஒரு கண்ணாடிக் குச்சு

என் மேடைப்பேச்சை ஒருமுறைகூட முழுமையாகக் கேட்டிராத அன்பு அக்காவுக்கு,

இறந்தோர்க்கு எழுதும் மடல் எந்த ஊருக்குப் போகும், அதை எந்த அஞ்சற்காரர் கொண்டு சேர்ப்பார் என்று ஊர் ஊராகக் கேட்டவன் நான். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. ஆயினும் எழுதுகிறேன். உன் மகள் செய்த ஒன்றைக் கண்டு எழுந்த வியப்பு என் நெஞ்சைவிட்டு இன்னும் இறங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ ஏன் என் பேச்சைக் கேட்டதில்லை என்பது நம் வீட்டாருக்குத் தெரியும். இதைப் படிப்போர்க்குத் தெரியாது. கூட்டங்கள் மாலையில் தொடங்கும். மாலையில்தான் நீ கயல்விழியைக் குளிப்பாட்டுவாய். இளம்பிள்ளை வாதத்தில் இரு கால்களும் வலுவிழந்த பிள்ளை. பின்கட்டிலிருந்து படியிறங்கினால்தான் குளிக்குமிடம். அவளை இடுப்பில் தூக்கி இறங்குவாய், தூக்கி ஏறுவாய். அவள் வளர வளர நீ இளைத்தாய். தூக்குவதை மட்டும் விடவில்லை.

தேரடித் திடலில் என் குரல் ஒலிபெருக்கியில் முழங்கும்போது நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாய். நான் வீடு திரும்பியதும் கேட்பாய்: "என்னல, இன்னைக்கும் பொம்பளைகளுக்கு விடுதலைதானா? செம்பு சத்தத்துல பாதி கேக்கல."

நீ மறைந்தபின் அந்தப் பணியை என் மனைவி வள்ளி ஏற்றுக்கொண்டாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கயல் இப்போது தட்டெழுத்துப் பயிலகத்தில் பிறர்க்குக் கற்பிக்கிறாள், அக்கா. கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் தானே போகிறாள், தானே வருகிறாள். தேர் வீதியில் பேருந்துக்காரர்கள் அவளுக்கு வழிவிட்டுத்தான் போகவேண்டும். இல்லையேல் உன் வாயை அவளிடம் கேட்பார்கள்.

அவள்தான் ஒரு நண்பகல் உணவின்போது சொன்னாள்: "அத்தை, இனிமே நான் தனியாக் குளிக்கணும்."

"ஏன்ட்டி, என் கை சுடுதா?" என்றாள் வள்ளி.

"சுடல. அம்மா கையும் சுடல. பக்கத்துல ஆள் நிக்காம ஒரு நாளாவது குளிச்சுப் பாக்கணும். அவ்வளவுதான்."

வள்ளி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். "வழுக்கி விழுந்தேன்னா? தண்ணி சத்தத்துல நீ கூப்பிட்டாக் கூடக் கேக்காதே."

பிறந்தது முதல் அந்தப் பெண் தனியே நீராடியதே இல்லை. அவளோடு நாம் எத்தனையோ பேசியிருக்கிறோம், இதைப் பேசியதில்லை. உன்னிடமாவது எப்போதாவது சொன்னாளா?

படி இறங்காமல் குளிக்கவேண்டுமென்றால் அவள் அறையின் மூலைதான் வாய்ப்பு. அந்த அறைக்கு ஒரே சாளரம். அதுவும் அந்த மூலையில்தான். சுவர் எழுப்பினால் அறை முழுதும் இருண்டுவிடும். உள்ளே விழுந்து கிடந்தாலும் தெரியாது. திரை தொங்கவிட்டால் கட்டில்வரை நனையும். நான் இப்படி எண்ணிக்கொண்டிருக்கையில் அவளே வழி சொன்னாள்.

"மெட்ராஸ்ல ஒரு வீட்டுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள நின்னு குளிக்காங்கன்னு சொல்லிச் சிரிச்சீங்கல்லா மாமா. அந்தப் பொட்டிதான் எனக்கு வேணும்."

அன்று எனக்கு உன் நினைவு வந்தது. பருவமெய்திய பெண்ணுக்குத் தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சு கட்டி, அதில் அவளைத் தனியே அமர்த்தி நீராட்டும் வழக்கத்தை நான் மேடைதோறும் எதிர்த்தவன். கயலுக்கும் கட்ட மறுத்தேன், இன்றும் மறுப்பேன். நீ சினக்கவில்லை. "சரில, ஓலை வேண்டாம். ஆனா தாய்மாமன் கட்டித்தந்த இடம்னு என் புள்ளைக்கு ஒண்ணு வேணும். எதுல கட்டுவியோ, எப்பக் கட்டுவியோ, கட்டு" என்றாய். ஓலை என்றால் ஒரு பொழுதில் முடிந்திருக்கும். எதில் கட்டுவது என்பது எனக்கு இத்தனை ஆண்டுகள் தெரியாமலே இருந்தது.

தேரடிக்குத் தெற்கே படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவாரே, அந்தக் கண்ணாடிக் கடை அண்ணாச்சியிடம் மூவரும் போனோம். கடைக்குப் படி உண்டு. ஆகவே அவர் கண்ணாடிகளைத் தெருவுக்கே கொண்டுவந்து வேப்ப மர நிழலில் சாய்த்து வைத்தார். ஒன்று தெளிந்த கண்ணாடி. அதைக் கயல் பார்க்கவே இல்லை. இரண்டாவது, பூ வடிவங்கள் புடைத்த கண்ணாடி. மூன்றாவது, ஒரு பக்கம் தேய்த்து வெண்மையாக்கிய கண்ணாடி. அண்ணாச்சி ஒவ்வொன்றின் பின்னும் போய் நின்று காட்டினார். பூக்கண்ணாடிக்குப் பின் அவர் தோளும் தலையும் நெளிநெளியாகத் தெரிந்தன. வெண்கண்ணாடிக்குப் பின் அவர் இல்லவே இல்லை.

"பூக்கண்ணாடியே இருக்கட்டும்" என்றாள் வள்ளி. "உருவம் கொஞ்சமாவது தெரிஞ்சாத்தான் எனக்கு உசுரு நிக்கும்."

"கொஞ்சம் தெரிஞ்சாலும் தெரியுததுதான் அத்தை. எனக்கு வெள்ளைக் கண்ணாடிதான்."

இருவருக்கும் நடுவே நான் பேசத் தொடங்கினேன். பாதுகாப்பு என்பது யாது, தன்மானம் என்பது யாது, இரண்டும் முட்டும் இடத்தில் அறிவுடையோர் எதைத் தேர்வர் என்று விரித்துக்கொண்டே போனேன். மிதிவண்டியில் போனவர்கள் இருவர் இறங்கி நின்று கேட்டார்கள்.

"வே, சோடா உடைச்சுக் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றார் அண்ணாச்சி, கண்ணாடிக்குப் பின்னிருந்தபடியே.

"சோடா வேண்டாம் அண்ணாச்சி. ஒரு செம்பு தண்ணி மட்டும் குடுங்க" என்றாள் கயல்.

பிள்ளைக்கு நாவறட்சி என்றுதான் எண்ணினோம். அவள் குடிக்கவில்லை. வண்டியை முன்னே நகர்த்தி, அந்த வெண்கண்ணாடியின் மேல் செம்புத் தண்ணீரைச் சரித்தாள்.

அக்கா, நான் கண்டதைக் கண்டபடி சொல்கிறேன். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் வெண்மை கரைந்தது. முதலில் அண்ணாச்சியின் தோள் துண்டு வந்தது. பிறகு காதில் செருகிய எழுதுகோல். பிறகு திறந்த வாய். இல்லாமல் இருந்த மனிதர் முழுதாக எங்கள் முன் நின்றார். உலர்ந்தபோது சுவராக இருந்தது நனைந்ததும் திறந்த வாயிலாகிவிட்டது.

"குளிக்கும்போது கண்ணாடி காய்ஞ்சா இருக்கும்?" என்றாள் உன் மகள்.

அண்ணாச்சி முன்னே வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். "எத்தனையோ ஜன்னலுக்கு வித்திருக்கேன் மக்கா. ஒருத்தரும் அதுக்குள்ள நின்னு குளிச்சதில்லையே."

"அப்பச் செவுருதான்" என்றாள் வள்ளி.

கயல் வண்டியை இன்னும் நெருக்கினாள். கண்ணாடியின் இருபுறமும் விரல்களை ஓட்டினாள். ஒரு முகம் பூனை நாக்கைப்போல் சொரசொரப்பு, மறுமுகம் வழவழப்பு. "நல்லாத் துடைச்சுத் திருப்பி வைங்க அண்ணாச்சி" என்றாள். வழவழப்பு அவள் பக்கம் வந்தது. இன்னொரு செம்பு ஊற்றினாள். நீர் வழிந்து ஓடிற்று, வெண்மை அசையவில்லை. அதே கண்ணாடிதான், அதே தண்ணீர்தான்.

"எல்லாம் சரிட்டி" என்றாள் வள்ளி. "நீ உள்ள விழுந்து கெடந்தா நான் எதைப் பாத்து வாரது?"

கயல் கண்ணாடியை மறுபடி திருப்பச் சொல்லிவிட்டு, வண்டியைச் சுழற்றி வழவழப்புப் பக்கமாகப் பின்னே போனாள். அவள் கட்டியிருந்த சேலையின் நீலம் மட்டும் மூடுபனிபோல் தெரிந்தது. யார், எவர், எவ்வளவு உயரம் என்று ஒன்றும் புலப்படவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஐந்து விரல்களும் உள்ளங்கையும் கண்ணாடியில் பதிந்து, வரைந்து வைத்ததுபோல் துலங்கின. கையை ஒரு சாண் பின்னே எடுத்தாள். கை பனியில் கரைந்துபோயிற்று. மறுபடி வைத்தாள், மறுபடி வந்தது. தொட்டதை மட்டும் காட்டுகிறது, அக்கா, அந்தக் கண்ணாடி. தொடாததைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது.

"விழுந்தாலும் கை எட்டுத தூரத்துலதான் கண்ணாடி இருக்கும். கை தெரிஞ்சா வாங்க அத்தை. தெரியலன்னா வராதீங்க."

"மயக்கம் வந்துட்டா?"

"அவ்வளவு சின்ன எடத்துல மயங்கி எங்கன விழுவேன்? கண்ணாடிமேலதான் சாஞ்சு கெடப்பேன், முழுசாத் தெரிவேன். அன்னைக்கு வெக்கப்பட மாட்டேன், வாங்க."

வள்ளி சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வீடுதோறும் ஒளி வேண்டும் என்று கரிவலம்வந்தநல்லூரிலும் சிவகிரியிலும் தொண்டை கிழியக் கூவியவன் நான். ஒளியை உள்ளே விட்டுப் பார்வையை மட்டும் வெளியே நிறுத்த முடியும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நின்று கேட்ட இருவரும் என் பேச்சு தொடரும் என்று காத்திருந்துவிட்டு மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

தடித்த கண்ணாடியாக மதுரையிலிருந்து வைக்கோல் சுற்றி வந்தது. முழங்கால் உயரச் சுவர், அதன்மேல் மரச்சட்டத்தில் கண்ணாடி. உட்புறம் அவள் உட்கார ஒரு கல் திட்டு, பற்றிக்கொள்ள இரும்புக் குழாய். வாயிலுக்குப் படி இல்லை. தரை சரிந்து சாளரத்தடியில் நீர் வெளியேறும். சாளரத்துக்கும் அதே வெண்கண்ணாடிதான். மேலே பூவாளிக் குழாய். "ஷவர்னே சொல்லுங்க மாமா, கொத்தனாருக்குப் புரியல" என்றாள் கயல். தச்சர் சட்டத்தில் பொருத்திய ஒவ்வொரு கண்ணாடியையும் நான் விரலால் தடவிப் பார்த்தேன், சொரசொரப்பு வெளியேதான் இருக்கிறதா என்று.

முதல் நாள் காலை அவள் எங்களை அறையைவிட்டே அனுப்பிவிட்டாள். கூடத்தில் இருந்தால் திறந்த கதவு வழியே கண்ணாடி தெரியும். வள்ளி அங்கே முறத்தில் உளுந்தோடு அமர்ந்தாள். நான் வாசலில் இருந்தேன். தண்ணீர் விழத் தொடங்கியது. விழுந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் நம் வீட்டில் யாரும் குளித்ததில்லை. மாடித் தொட்டி வற்றிவிடுமோ என்று எனக்கே தோன்றியது.

"ஏட்டி கயலு" என்று கூப்பிட்டாள் வள்ளி.

"கை தெரியுதா அத்தை?"

"தெரியல."

"அப்ப எதுக்குக் கூப்பிடுதீங்க?"

வள்ளி உளுந்துக்குத் திரும்பினாள். தொட்டி உண்மையாகவே வற்றியபிறகுதான் ஓசை நின்றது.

கூந்தலில் துண்டு சுற்றி அவள் வாசலுக்கு வந்ததும் கேட்டேன், உள்ளே எப்படி இருந்தது என்று. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். உன் கண்கள், அக்கா.

"சொல்ல மாட்டேன் மாமா. அது எனக்கு மட்டும்."

மக்கள் கடலெனத் திரண்ட கூட்டங்களைக் கண்டிருக்கிறேன். கைதட்டலில் பந்தல் அதிர்ந்ததைக் கண்டிருக்கிறேன். எதன் முன்னும் என் உடல் இவ்வாறு சிலிர்த்ததில்லை. இவ்வளவு காலம் தன்னுடையது என்று ஒன்றுமே வைத்துக்கொள்ள இடமில்லாதிருந்த பெண், ஒரு காலைப் பொழுதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் உன்னிடமாவது சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்கக் கூடாது என்றே இப்போது விரும்புகிறேன்.

உனக்கு ஒரு சொல் தருகிறேன். அந்தக் கை தெரியும் நாள் வருமானால், வள்ளியின் ஒரு குரலுக்கு, எந்த மேடையில் எந்தச் சொல்லின் நடுவில் இருந்தாலும் இறங்கி ஓடி வருவேன். தெரியாத நாளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டேன். எவரையும் பார்க்க விடமாட்டேன். தொட்டியை மட்டும் நாள்தோறும் நிரப்பி வைப்பேன்.

ஓலையில் மறுத்ததைக் கண்ணாடியில் கட்டி முடித்த
கயலின் தாய்மாமன்,
உன் தம்பி.